ஓராண்டு புழங்கிய பிறகு: பழைய மரம், கண்ணாடி, பிளாஸ்டிக்கில் செய்த வீட்டுப் பொருள்கள்

கடந்த ஓராண்டில் என் வீட்டுக் கூடத்துக்காக ஐந்து வகைப் பொருள்களை வாங்கினேன். இடித்த கட்டடத்தின் மரத்தில் செய்த ஒரு பெரிய மேசை, பிளாஸ்டிக் சில்லுகளை உருக்கி அழுத்திய பலகையில் செய்த ஒரு முக்காலி, உடைந்த கண்ணாடியை உருக்கி ஊதிய இரண்டு பூச்சாடிகள், பழைய பாட்டில்களிலிருந்து எடுத்த இழையில் நெய்த ஒரு தரைவிரிப்பு, மூடப்பட்ட ஓர் உணவகத்திலிருந்து வந்த நான்கு நாற்காலிகள். ஐந்தும் வெவ்வேறு விற்பனையாளர்களிடம் வாங்கியவை. வந்த வாரத்திலேயே எழுதியிருந்தால் ஐந்தையும் ஒரே மூச்சில் புகழ்ந்திருப்பேன். அன்றாடம் துடைத்து, இழுத்து, வெந்நீர் சிந்தி, வெயில் பட்ட பிறகு எழுதுவதால் என் தீர்ப்பு பொருளுக்குப் பொருள் மாறியிருக்கிறது.

பழைய பொருளில் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக எதற்கும் நான் மதிப்பெண் கூட்டிப் போடவில்லை. இரண்டே ஆண்டில் உடைந்து குப்பைக்குப் போகும் மறுசுழற்சி முக்காலி, அந்தக் குப்பையை இரண்டு ஆண்டு தள்ளிப்போட்டது மட்டுமே மிச்சம். ஆகவே ஒவ்வொன்றிலும் நான் தேடிப் பார்த்தது ஒன்றைத்தான்: செய்தவர் தன் கைக்கு வந்த பழைய பொருளின் குணத்தை அறிந்து, அதற்கு ஏற்றபடி செய்திருக்கிறாரா, அல்லது புதுப் பொருளுக்கு உரிய முறையில் செய்துவிட்டு மேலே ஒரு கதைச் சீட்டை மட்டும் தொங்கவிட்டிருக்கிறாரா என்பது.

மேசையில் தொடங்குகிறேன், ஏனென்றால் ஐந்தில் மிகச் சிறந்தது அதுதான். 180 செ.மீ. நீளமும் 85 செ.மீ. அகலமும் கொண்ட அதன் மேற்பரப்பு, பழைய கூரை உத்தரங்களை நீளவாக்கில் அறுத்தெடுத்த ஐந்து பலகைகளைச் சேர்த்து ஒட்டியது. கீழே இருப்பது புதிய இரும்புச் சட்டம். வைரம் பாய்ந்த மரம் என்று பெரியவர்கள் சொல்வதைக் கையால் தொட்டு உணர்ந்தது இந்த மேசையில்தான். விரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதியவில்லை. தட்டினால் தொனி கனமாக வருகிறது. இன்று விற்பனைக்கு வரும் மரங்களில் பெரும்பாலானவை விரைவாக வளர வைத்து இளம் வயதிலேயே வெட்டப்படுபவை என்பதால், அந்தக் காலத்து முதிர்ந்த மரத்தின் நெருக்கமான ரேகைகளை அவற்றில் எதிர்பார்க்க முடியாது.

மேசையின் இடது ஓரத்தில் மூன்று ஆணித் துளைகள் ஒரே வரிசையில் இருக்கின்றன. ஒவ்வொரு துளையைச் சுற்றியும் நீலம் கலந்த கறுப்பில் ஒரு வளையம். அது மரத்தின் ரேகை ஓடும் திசையில் இரு புறமும் கூர்மையாக நீண்டு, மை தீட்டிய கண்ணைப் போலத் தெரிகிறது. மரத்திலுள்ள டானின் என்னும் துவர்ப்புப் பொருளும் ஆணியின் இரும்பும் ஈரத்தில் சேர்ந்து உண்டாக்கிய கறை அது. முற்காலத்தில் எழுதும் மை தயாரித்ததும் இதே வேதிவினையைக் கொண்டுதான். செய்த தச்சர் அந்தக் கறையை இழைத்து நீக்கவில்லை. துளையின் விளிம்பு மட்டும் கையைக் கீறாதபடி தேய்க்கப்பட்டிருக்கிறது. வீட்டுக்கு வருகிற எவரும் பேசிக்கொண்டிருக்கும்போதே தங்களை அறியாமல் அந்த இடத்தை விரலால் தடவுவதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

ஆனால் இந்த மேசையின் உண்மையான தரம் மேலே இல்லை. கவிழ்த்துப் பார்த்தபோதுதான் எனக்குப் புரிந்தது. மரம் எவ்வளவு பழையதாக இருந்தாலும் காற்றின் ஈரத்துக்கு ஏற்ப அகலவாக்கில் விரிவதும் சுருங்குவதும் நிற்பதில்லை. அதைச் சட்டத்தோடு இறுக்கித் திருகிவிட்டால், போக வழியில்லாமல் பலகை பிளந்துவிடும். இங்கே இரும்புச் சட்டத்தில் வட்டத் துளைகளுக்குப் பதிலாக ஏறத்தாழ 2 செ.மீ. நீளமான துளைகள் போடப்பட்டு, திருகுகள் அவற்றுக்குள் நகர இடம் விடப்பட்டிருக்கிறது. ஓர் ஆண்டின் மழையையும் வறட்சியையும் பார்த்துவிட்டேன். பலகைகளுக்கு இடையில் ஒரு தாள் நுழையும் இடைவெளிகூட வரவில்லை. மேசை வாங்குகிறவர்கள் மேற்பரப்பைப் படம் பிடிப்பதற்கு முன்னால் அடிப்பகுதியைக் குனிந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

குறை இல்லாமல் இல்லை. சன்னலோரம் இருக்கும் இரண்டு பெரிய துளைகளை எபாக்சி என்னும் தெளிவான செயற்கைப் பிசினால் நிரப்பியிருந்தார்கள். எட்டு மாத வெயிலில் அது மஞ்சளாகிவிட்டது. புறஊதாக் கதிர் பட்டால் எபாக்சி மஞ்சளாவது தெரிந்த விஷயம்தான். அந்தத் துளைகளை மரத்துண்டால் அடைத்திருக்கலாம், அல்லது மற்ற மூன்றைப் போலத் திறந்தே விட்டிருக்கலாம். மேற்பூச்சு வார்னிஷ் அல்ல, எண்ணெயும் மெழுகும் கலந்தது. சூடான பாத்திரம் ஒன்றை வைத்ததில் வெண்வட்டம் விழுந்தபோது மனம் பதறினாலும், 240ஆம் எண் உப்புத்தாளால் அந்த இடத்தை மட்டும் மெல்லத் தேய்த்து எண்ணெய் பூசியதும் தடம் மறைந்துவிட்டது. வார்னிஷாக இருந்திருந்தால் முழுப் பரப்பையும் சுரண்ட வேண்டியிருந்திருக்கும்.

பழைய மரத்தை அதன் வடுக்களோடு நவீன வீட்டுக்குள் கொண்டுவந்தவர்களில் நெதர்லாந்து வடிவமைப்பாளர் பீட் ஹைன் ஏக் முக்கியமானவர். 1990இல் ஐந்தோவன் நகரின் வடிவமைப்புக் கல்லூரியில் படிப்பை முடித்தபோது, வேண்டாமென ஒதுக்கப்பட்ட மரத்துண்டுகளில் ஓர் அலமாரியைச் செய்து காட்டினார். பல நிறத் துண்டுகளின் நிறங்களை மறைக்காமல், ஆனால் மிக நேர்த்தியான இணைப்புகளோடு அவர் செய்த விதம்தான் அந்த வேலைக்குப் பெருமை சேர்த்தது. அந்த நேர்த்தியை விட்டுவிட்டு நிறங்களை மட்டும் பின்பற்றுவோர் பலர். புதுப் பலகையைச் சங்கிலியால் அடித்து, கம்பித் தூரிகையால் சுரண்டி, சாயம் ஏற்றிப் பழசாக விற்கும் வழக்கமும் இருக்கிறது. அதைக் கண்டுபிடிப்பது கடினமல்ல. பொய்யாகத் துளைத்த ஆணித் துளையைச் சுற்றி நான் சொன்ன கறுப்பு வளையம் இருக்காது. அடித்த தழும்புகள் ஒரே ஆழத்தில், ஒரே இடைவெளியில் இருக்கும். பலகையின் பின்புறமும் முனைகளும் பளிச்சென்று புதிதாக இருக்கும்.

உடல்நலம் குறித்தும் இங்கேயே சொல்லிவிட வேண்டும். பழைய பெயிண்ட் உரியும் கதவையோ சன்னலையோ அப்படியே மேசையாக்கி விற்பதை நான் ஆதரிக்க மாட்டேன், குறிப்பாகக் குழந்தைகள் இருக்கும் வீட்டில். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978இல்தான். அதற்கு முந்தைய பூச்சுகளில் ஈயம் இருக்க வாய்ப்பு அதிகம், அதை உப்புத்தாளால் தேய்த்தால் தூசி வீடு முழுவதும் பரவும். சரக்கு ஏற்றும் பேலட் மரத்தில் செய்த பொருளானால், அதன் முத்திரையைக் கேட்டுப் பார்க்கலாம். பன்னாட்டு விதிப்படி எச்.டி. (HT) என்ற எழுத்து, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 30 நிமிடம் வைத்துப் பூச்சிநீக்கம் செய்ததைக் குறிக்கும், எம்.பி. (MB) என்றிருந்தால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போடப்பட்டது, அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். எந்தப் பழைய மரமானாலும் சில வாரம் அடியில் ஒரு வெள்ளைத் தாளை விரித்து வையுங்கள். மாவு போன்ற தூள் உதிர்ந்தால் மரம் உளுத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

முக்காலி என்னை ஏமாற்றியது. பார்வைக்கு ஐந்திலும் அழகானது அதுதான் என்பதையும் நேர்மையாகச் சொல்ல வேண்டும். ஷாம்பு, சலவைத் திரவம் முதலியவை அடைத்து வரும் பாலிஎத்திலீன் பாட்டில்களையும் அவற்றின் மூடிகளையும் சில்லுகளாக்கி, நிறம் பிரித்து, சூட்டில் அழுத்தி எடுத்த பலகை. வெள்ளைப் பரப்பில் நீலமும் ஆரஞ்சும் மையைத் தண்ணீரில் கரைத்ததுபோல ஓடியிருந்தன. நான்காம் மாதம் ஒரு கால் முழுதாகக் கழன்று வந்தது. கழன்ற இடத்தைப் பார்த்தால், பசை ஒரு தோலைப்போல உரிந்து காலின் பக்கம் துளியும் ஒட்டாமல் இருந்தது. காரணம் எளிது: பாலிஎத்திலீனின் மேற்பரப்பில் சாதாரணப் பசைகள் பரவிப் பிடிப்பதில்லை. பசை டப்பாக்களையே அந்தப் பிளாஸ்டிக்கில் செய்வதற்கு ஒரு காரணம் அதுதான். உருக்கி இணைக்க வேண்டும், அல்லது போல்ட் போட்டு முடுக்க வேண்டும். விற்பனையாளரிடம் சொன்னபோது வேறொரு பசையை அனுப்பிவைத்தார்கள். நான் அதைத் திறக்காமல், மூன்று கால்களுக்கும் துளையிட்டு வாஷரோடு போல்ட் முடுக்கினேன். அன்றிலிருந்து முக்காலி அசையவில்லை. பொருளில் குற்றம் இல்லை, செய்தவர்கள் அதன் இயல்பைக் கேட்டறியவில்லை என்பதே என் குறை. சூடான பாத்திரத்தையும் அதன்மேல் வைக்க முடியாது. அது பிளாஸ்டிக்கின் இயல்பு, அதைக் குறையாக எண்ணவில்லை.

இதே வகை முயற்சி சரியாக அமைந்ததற்கு ஓர் எடுத்துக்காட்டு எமெகோ நிறுவனத்தின் நாற்காலி. 1944இல் அமெரிக்கக் கடற்படைக்காக அலுமினியத்தில் நாற்காலி செய்யத் தொடங்கிய நிறுவனம் அது. 2010இல் கோகோ கோலாவோடு சேர்ந்து அதே வடிவத்தை 111 பழைய பாட்டில்களின் பிளாஸ்டிக்கில் கொண்டுவந்தது. பாட்டில் பிளாஸ்டிக்குக்கு மட்டும் ஆளைத் தாங்கும் விறைப்பு போதாது என்பதால் கண்ணாடி இழையைச் சேர்த்தார்கள். ஒரு நண்பர் வீட்டில் அதில் பலமுறை உட்கார்ந்திருக்கிறேன். முதுகைச் சாய்க்கும்போது சிறு நெளிவுகூட இல்லை. கலவைப் பொருளை மீண்டும் பிரித்தெடுப்பது எளிதல்ல என்ற குறை அதற்கு உண்டு என்றாலும், பல ஆண்டுகள் உழைக்கும் நாற்காலிக்கு அதை நான் ஏற்றுக்கொள்வேன்.

பூச்சாடிகள் இரண்டும் மங்கலான கடல்பச்சை. கண்ணாடியில் கலந்திருக்கும் சிறிதளவு இரும்பு தருகிற நிறம் அது. பல வகைப் பாட்டில்களை ஒன்றாக உருக்கும்போது அந்த நிறத்தை முற்றிலும் நீக்குவது கடினம், நீக்காமல் விட்டதே இந்தச் சாடிகளுக்கு அழகு. உள்ளே கடுகளவு காற்றுக் குமிழிகள் மேல்நோக்கிப் போகும்போதே உறைந்து நிற்கின்றன. காலை வெயில் ஊடுருவும்போது மேசையின் மேல் விழும் நிழலில்கூட அந்தக் குமிழிகள் ஒளிப்புள்ளிகளாகத் தெரிகின்றன. கண்ணாடியை எத்தனை முறை உருக்கினாலும் தரம் குறைவதில்லை. உலையில் இடும் கலவையில் உடைந்த கண்ணாடியின் பங்கு 10 விழுக்காடு கூடினால் எரிசக்திச் செலவு ஏறத்தாழ 3 விழுக்காடு குறையும் என்பது அத்தொழிலில் பரவலாகச் சொல்லப்படும் கணக்கு.

இரண்டில் ஒன்று, வந்த இரண்டாம் வாரத்தில், வெதுவெதுப்பான நீரில் கழுவும்போது அடியிலிருந்து கழுத்து வரை கோடு விட்டது. ஊதிய கண்ணாடியை மெல்ல மெல்ல ஆறவிடாவிட்டால் உள்ளே இறுக்கம் தங்கிவிடும். சூடு தாங்கும் சமையல் கண்ணாடியின் துண்டு ஒன்று பாட்டில் கண்ணாடியோடு கலந்துவிட்டாலும் இரண்டும் வெவ்வேறு அளவில் சுருங்குவதால் இப்படி விரிசல் விடும். விற்றவர் மறுபேச்சில்லாமல் மாற்றுச் சாடி அனுப்பினார். உடைந்ததன் அடிப்பகுதியைப் படம் எடுத்து அனுப்பும்படி கேட்டதும் எனக்குப் பிடித்திருந்தது, தவறு எங்கே என்று அறிய விரும்புகிறவரின் கேள்வி அது. மாற்றுச் சாடி இதுவரை உறுதியாக இருக்கிறது.

தரைவிரிப்பைப் பற்றி எனக்கு இரண்டு மனம். 160க்கு 230 செ.மீ. அளவில், சாம்பலும் செங்கல் நிறமும் கலந்த அதன் நெசவு கண்ணுக்கு நிறைவாக இருக்கிறது. சன்னல் வெயிலில் கிடந்தும் நிறம் மங்கவில்லை. தண்ணீர் சிந்தினால் இழை உறிஞ்சுவதில்லை, துணியால் ஒற்றி எடுத்துவிடலாம். ஆனால் வெறும் காலுக்குப் பருத்தியின் இதம் இல்லை, எண்ணெய்க் கறை பட்டால் விடுவதில்லை, எடை குறைவு என்பதால் அடியில் வழுக்காத விரிப்பு போடாமல் நடக்கவே கூடாது. முதல் மாதம் முழுவதும் நுண்ணிய பஞ்சு உதிர்ந்தது. அது பருத்திப் பஞ்சு அல்ல, பிளாஸ்டிக். துவைக்கும் நீரோடு போனால் எங்கே போய்ச் சேரும் என்பது தெரிந்ததே. ஆகவே நான் அதைத் துவைப்பதைக் குறைத்து, உறிஞ்சும் கருவியால் சுத்தம் செய்து, அந்தத் தூசியைக் குப்பைக்கே அனுப்புகிறேன்.

விரிப்பின் சீட்டில் “100 விழுக்காடு மறுசுழற்சி இழை” என்று இருந்தது. உற்றுப் படித்தால் அது குறுக்கே ஓடும் ஊடை இழைக்கு மட்டும்தான். நீளவாக்கில் ஓடும் பாவு இழை புதிய பருத்தி. பொய் என்று சொல்ல முடியாது, ஆனால் முழு விரிப்பும் அப்படி என்று நினைத்துத்தான் வாங்கினேன். சீட்டுகளை வாசிக்கச் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது. ஜி.ஆர்.எஸ். எனப்படும் உலக மறுசுழற்சித் தரச் சான்று பெற ஒரு பொருளில் குறைந்தது 20 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் இருந்தால் போதும். அதன் முத்திரையை விற்பனைப் பொருளின் மேல் ஒட்ட 50 விழுக்காடு வேண்டும். ஆகவே முத்திரையைப் பார்த்ததும் முழுவதும் பழையது என்று எண்ணிவிடக் கூடாது. இன்னொன்று, மக்கள் பயன்படுத்தி எறிந்ததும், தொழிற்சாலையிலேயே மிஞ்சியதும் ஒன்றல்ல. ஐ.எஸ்.ஓ. 14021 என்ற பன்னாட்டுத் தரநிலை இவ்விரண்டையும் பிரித்தே வரையறுக்கிறது; ஓர் ஆலை தன் கழிவை எடுத்து அதே வேலையில் மீண்டும் போட்டுக்கொள்வதை மறுசுழற்சிக் கணக்கில் சேர்க்கவே கூடாது என்கிறது. எதில் எத்தனை விழுக்காடு, எங்கிருந்து வந்தது என்று எழுதிக் கேட்டால், நேர்மையான விற்பனையாளர் பதில் தருவார். பாட்டில் விரிப்பாக மாறிய பிறகு மீண்டும் பாட்டிலாவது அரிது என்பதும் மனத்தில் உறுத்துகிறது. மறுபடி வாங்குவதானால் பழைய பருத்தித் துணியைக் கிழித்து நெய்த விரிப்பையே வாங்குவேன்.

கடைசியாக நாற்காலிகள். எதையும் உருக்காமல், அறுக்காமல், இருந்தபடியே அடுத்த வீட்டுக்கு வந்தவை என்பதால் ஐந்து வகையிலும் இயற்கைக்கு மிகக் குறைந்த செலவு வைத்தவை இவைதாம் என்று நினைக்கிறேன். ஆவியில் வளைத்த மரமும் பிரம்புப் பின்னல் இருக்கையும் கொண்ட இந்த வடிவத்தை மிக்கேல் தோனெட் என்ற நாற்காலித் தயாரிப்பாளர் 1859இல் கொண்டுவந்தார். என்னிடம் இருப்பவை அதைப் பின்பற்றிப் பிற்காலத்தில் செய்யப்பட்டவை. அசல் நாற்காலி ஆறு மரத்துண்டு, பத்துத் திருகு, இரண்டு நட்டு, அவ்வளவுதான். பிரித்து அடுக்கினால் ஒரு கன மீட்டர் பெட்டிக்குள் 36 நாற்காலிகள் அடங்கின. அனுப்புவதற்காகச் செய்த அந்த ஏற்பாடு இன்று எனக்குப் பழுது பார்க்க உதவுகிறது. வந்தபோது இரண்டு நாற்காலிகள் ஆடின. இருக்கைக்கு அடியிலிருந்த திருகுகளை முடுக்கியதோடு ஆட்டம் நின்றது. பசையால் மட்டும் ஒட்டிய நாற்காலியாக இருந்தால் முழுவதும் பிரித்திருக்க வேண்டும்.

பழைய நாற்காலி வாங்குகிறவர்கள் மெத்தை தைத்ததைத் தவிர்ப்பது நல்லது என்பேன். அதன் மடிப்புகளில் மூட்டைப்பூச்சி ஒளிந்து வந்தால் வீடே பாழாகும். மரமும் பிரம்புமாக இருந்தால் ஒரு விளக்கைப் பிடித்து மூலை முடுக்கெல்லாம் பார்த்துவிடலாம். என் நாற்காலிகளில் மூன்றின் பிரம்பு இருக்கை தொய்ந்து குழிவிழுந்திருந்தது. கவிழ்த்து வைத்து, அடிப்புறத்தில் ஈரத் துணியை அரை மணி நேரம் போட்டு, நிழலில் ஓர் இரவு உலரவிட்டேன். நனைந்த பிரம்பு உலரும்போது சுருங்கி இறுகியது. காலையில் விரலால் சுண்டினால் முறத்தைத் தட்டியதுபோல ஓசை வந்தது. பளபளப்பான மேற்புறத்தை நனைப்பதால் பயனில்லை, நீர் இறங்குவது அடிப்புறத்தின் வழியாகத்தான்.

நான்காவதன் இருக்கை நடுவில் கிழிந்திருந்ததால் பின்னல் வேலை தெரிந்த ஒருவரிடம் கொடுத்துப் புதிதாகப் பின்னி வாங்கினேன். சட்டத்தைச் சுற்றியிருந்த பழைய துளைகளையே பயன்படுத்தினார். ஒரு துளைகூடப் புதிதாகப் போடவில்லை. மற்ற மூன்றும் தேன் நிறத்தில் இருக்க, அது மட்டும் வைக்கோலின் வெளிர்நிறத்தில் தனித்துத் தெரிகிறது. சாயம் ஏற்றித் தரட்டுமா என்று கேட்டார். வேண்டாம், வெயிலும் நாளும் பட்டு அதுவாகவே மாறட்டும் என்று சொல்லி எடுத்து வந்துவிட்டேன்.